செக்கிங் மேசை தைக்காது

"அரசுப் பள்ளிக்குப் பணமெல்லாம் கொட்டத்தான் கொட்டறாங்க. மேனேஜ்மென்ட் சரியில்லை, அவ்வளவுதான்."

இந்த வாக்கியத்தை ஐடி கம்பெனி கேன்டீனில் கேட்டிருக்கிறேன். திருப்பூரில் கல்யாண மண்டபப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பனியன் கம்பெனி முதலாளிகள், ஆடிட்டர்கள், என்னைப் போன்ற மென்பொருள்காரர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்கிறவர்களுக்குள் பொதுவாக ஒன்று உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளை யாரும் அரசுப் பள்ளியில் இல்லை.

எதிர்த்தரப்பின் வாக்கியமும் எனக்கு மனப்பாடம். "கல்விக்கான ஒதுக்கீடு போதாது. உயர்த்த வேண்டும்." இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் என் நண்பர்கள், நான் வாசிக்கிற எழுத்தாளர்கள். எதற்கு உயர்த்த வேண்டும், உயர்த்திய பணம் எந்தக் கையில் போய்ச் சேர வேண்டும் என்று அடுத்த கேள்வி கேட்டால் இங்கேயும் மௌனம்தான்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவன் நான். அம்மா இருபது வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் நின்றவர். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு இரு தரப்போடும் சண்டை போடத்தான் இந்தக் கட்டுரை. பணமா நிர்வாகமா என்று கேட்பதே தப்பான கேள்வி. ஒரு குழந்தையோடு ஒரு ஆசிரியர் குறுக்கீடு இல்லாமல் உட்காரும் நேரம் எவ்வளவு என்பதுதான் கேள்வி. பணக்கட்சியும் நிர்வாகக்கட்சியும் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருக்கின்றன.

*

முதலில் நிர்வாகக்கட்சிக்கு நியாயம் செய்வோம். அவர்களிடம் நல்ல வாதங்கள் இருக்கின்றன.

2025-26 பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்குத் தமிழ்நாடு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். சின்னத் தொகை இல்லை. இத்தனைக்கும் 2022இல் வந்த ஏசர் ஆய்வு, தமிழகக் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை என்றது. கொரோனாவுக்குப் பிந்தைய கணக்கு அது. சரி. ஆனால் கொரோனாவுக்கு முன்பும் அந்த எண் பெருமைப்படும்படி இல்லை. 2024இல் ஏறியது, மேளம் கொட்டுகிற அளவுக்கு ஏறவில்லை.

இந்தோனேசியாவில் இன்னும் பளிச்சென்ற உதாரணம் இருக்கிறது. சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களின் அடிப்படைச் சம்பளத்தை அங்கே அரசு இரண்டு மடங்காக்கியது. சில பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு மட்டும் அதை முன்கூட்டியே கொடுத்து, மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பொருளாதார ஆய்வாளர்கள் பார்த்தார்கள். ஆசிரியர்களின் பணத்தட்டுப்பாடு குறைந்தது, மனம் நிறைந்தது. மாணவர்களின் படிப்பு ஒரு இஞ்ச் நகரவில்லை. ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே 'இரட்டிப்பு, ஆனால் பலனில்லையா?' என்ற கேள்வி நின்றது.

பக்கத்து ஆந்திரத்தில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஒரு சோதனை நடத்தினார்கள். கிராமத்து அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்குக் குலுக்கல் முறையில் கட்டணம் கொடுத்துத் தனியார் பள்ளிக்கு அனுப்பினார்கள். நாலு வருடம் கழித்துப் பார்த்தால் தெலுங்கிலும் கணக்கிலும் இரு பக்கமும் ஒரே மட்டம்தான். ஆனால் தனியார் பள்ளி ஒரு குழந்தைக்குச் செய்த செலவு, அரசுப் பள்ளியின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. "அதே துணி, அதே தையல், விலை மட்டும் மூணு மடங்கு. இதுக்கு யார் ஆர்டர் கொடுப்பாங்க?" என்று திருப்பூர்க்காரர் கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும்.

ஆக, பணத்தைக் கூட்டினால் படிப்பு தானாகக் கூடிவிடாது. இதை என் பணக்கட்சி நண்பர்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாதவரை அவர்கள் கேட்கிற ஒதுக்கீடு சுற்றுச்சுவருக்கும் அலங்கார வளைவுக்கும் போய்க்கொண்டே இருக்கும்.

*

இப்போது நிர்வாகக்கட்சி பக்கம் திரும்புவோம். உங்கள் மருந்தையும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

மத்தியப் பிரதேசத்தில் 1,774 அரசுப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொன்றையும் விரிவாக மதிப்பீடு செய்து, தரவரிசை கொடுத்து, அந்தந்தப் பள்ளிக்கென்று தனியாக முன்னேற்றத் திட்டம் எழுதினார்கள். நிர்வாகவியல் புத்தகத்தில் இருக்கிற அத்தனையும் நடந்தது. மதிப்பீடுகள் ஏறக்குறைய எல்லாப் பள்ளியிலும் ஒழுங்காக முடிந்தன. தரவரிசையும் உண்மை நிலவரத்தைத்தான் காட்டியது. முரளிதரனும் அபிஜீத் சிங்கும் இதை ஆராய்ந்தார்கள். பள்ளி நடக்கும் விதத்தில் மாற்றம் பூஜ்யம். குழந்தைகளின் படிப்பில் மாற்றம் பூஜ்யம்.

இதைவிட அதிர்ச்சியானது அடுத்து நடந்தது. திட்டம் வெற்றி என்று கருதப்பட்டு நாடு முழுக்க 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தது. ஏன் வெற்றி? படிவங்கள் நிரம்பியிருந்தன, அதனால்.

என் தொழில் இதுதான் என்பதால் எனக்கு இது நன்றாகவே புரிகிறது. கலத்தில் எண் விழுந்தால் டாஷ்போர்டில் பச்சை எரியும். மேலே உட்கார்ந்திருப்பவருக்குப் பச்சை தெரியும், பின்னால் என்ன நடந்தது என்று தெரியாது. தமிழகத்தில் ஆசிரியர்கள் தினமும் மல்லுக்கட்டும் 'எமிஸ்' என்ற கல்வி மேலாண்மைத் தகவல் முறையின் கதையும் இதுவே. வருகைப்பதிவு, தேர்வு மதிப்பெண், நலத்திட்டப் பொருள் கொடுத்த கணக்கு எல்லாம் செயலியில் ஏற வேண்டும். தகவல் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தகவல் இல்லாமல் எதையும் நடத்த முடியாது. ஆனால் அந்தத் தகவலை உள்ளே போடுவது யார்? பாடம் நடத்த வேண்டிய அதே ஆள், அதே நேரத்தில், சிக்னல் கிடைக்கிற மூலையில் நின்றுகொண்டு. இந்தப் பதிவேற்ற வேலையிலிருந்து விடுவியுங்கள் என்பது பல வருடமாக ஆசிரியர் சங்கங்களின் கோரிக்கை. அளக்கிறேன் என்று சொல்லி, அளக்க வேண்டிய பொருளையே வெட்டி எடுக்கிற டேப் இது.

பனியன் கம்பெனியில் வேலை பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. பையர் ஆடிட் வருகிற அன்று கம்பெனியைப் பார்த்திருக்கிறீர்களா? எல்லோர் மூக்கிலும் மாஸ்க் இருக்கும். முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து இருக்கும். கழிவறையில் சோப்பு இருக்கும். மறுநாள் சோப்பு ஸ்டோர் ரூமுக்குத் திரும்பிவிடும். ஆடிட் ரிப்போர்ட்டில் மட்டும் அது நிரந்தரமாக இருக்கும்.

அம்மா ஒருமுறை சொன்னார்: "செக்கிங்ல பத்துப் பேரை நிறுத்துனா டேமேஜ் எத்தனைன்னு கரெக்டாத் தெரியும் கண்ணு. டேமேஜ் குறையாது. அது டெய்லர்கிட்டயும் மெஷின்கிட்டயும் இருக்கு." செக்கிங் மேசை தைக்காது. இந்த ஊருக்கே தெரிந்த இந்த விஷயம், பள்ளிக்கூடம் என்று வந்தவுடன் எப்படி மறந்துபோகிறது?

*

ஆளும் பணமும் இல்லாத இடத்தை வெறும் நிர்வாக உத்தியால் நிரப்பும் ஆசை தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல.

1953 ஜூனில் ராஜாஜி அரசு ஒரு தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. 'குலக்கல்வித் திட்டம்' என்று பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தது அதைத்தான். குழந்தை பாதி நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற அதன் சாதி முகத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம், பேச வேண்டியதுதான். நாம் குறைவாகப் பேசுவது அதன் நிர்வாக முகத்தை. எல்லாக் குழந்தைகளையும் பள்ளிக்குக் கொண்டுவரக் கட்டடமும் இல்லை, ஆசிரியரும் இல்லை, பணமும் இல்லை. சரி, பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து ஒரே ஆசிரியரை வைத்து இரண்டு ஷிப்ட் நடத்தினால் இருக்கிற ஆளைக் கொண்டே இரட்டிப்புக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாமே! காகிதத்தில் பார்த்தால் அபாரமான திறன்மேம்பாடு. என் துறையில் இதைச் செய்தவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கும்.

1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. பிறகு நடந்தது என்ன? 1956இல் மதிய உணவு. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பொதுமக்களிடம் இடமும் மேசையும் நாற்காலியும் கரும்பலகையும் கேட்டு வாங்கினார். கவனியுங்கள். அவை செலவுகள், கூடவே மிக உயர்ந்த ரக நிர்வாகமும்கூட. காமராஜரைப் பணக்கட்சியும் சொந்தம் கொண்டாட முடியாது, நிர்வாகக்கட்சியும் சொந்தம் கொண்டாட முடியாது. குழந்தை வரவில்லையா, ஏன் வரவில்லை, பசி. அப்படியென்றால் சோறு போடு, சோறு பொங்க ஆள் போடு. எங்கே அடைபட்டிருக்கிறதோ அங்கே பணமும் ஆளும் போனது.

*

இன்றைக்கு எங்கே அடைபட்டிருக்கிறது? ஒரு கணக்குப் போடுவோம். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். மாணவர் ஆசிரியர் விகிதம் 30க்கு 1. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பள்ளியில் வகுப்பு ஐந்து. பள்ளி ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் பாடம் நடத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆசிரியர், ஆளுக்கு ஐந்து மணி, மொத்தம் பத்து மணி. ஐந்து வகுப்புக்குத் தனித்தனியாகப் பங்கிட்டால் ஒரு வகுப்புக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம். இரண்டு பேரில் ஒருவர் பயிற்சிக்கோ வட்டார வளமையத்துக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போனால் ஒரு மணி நேரம். தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் ஆகியவற்றுக்கு ஆசிரியரை இழுத்துக்கொள்ளலாம் என்று அதே சட்டத்தின் 27ஆம் பிரிவே அனுமதிக்கிறது. மிச்ச நேரத்தில் எமிஸ்.

நடைமுறையில் வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்துச் சமாளிக்கிறார்கள். திறமையான ஆசிரியர்கள் அதையும் அற்புதமாகச் செய்கிறார்கள். ஆனால் கணக்கு கணக்குதான். குலக்கல்வித் திட்டத்தில் ஏட்டளவிலாவது மூன்று மணி நேரம் இருந்தது. நம் ஈராசிரியர் பள்ளிகளில் ஏட்டளவில் இரண்டு. அன்றைக்கு ஒரு முதல்வரின் நாற்காலி ஆடியது. இன்றைக்கு ஒரு ட்வீட்கூட இல்லை.

திருப்பூர் மாவட்டத்துக்குள்ளேயே இந்தக் கணக்கின் இரண்டு முனையையும் பார்க்கலாம். தாராபுரம், மூலனூர் பக்கம் காய்ந்த பூமி. ஆட்கள் வேலை தேடித் திருப்பூருக்குப் போய்விட்ட ஊர்களில் குழந்தைகள் குறைந்து, ஐந்து வகுப்பும் இரண்டு ஆசிரியருமாகப் பள்ளிகள். நகரத்துக்குள் வந்தால் நெரிசல். ஜெய்வாபாய் மாநகராட்சிப் பெண்கள் பள்ளி போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கில் மாணவிகள். ஒரே மாவட்டம், ஒரே துறை, ஒரே சராசரி. சராசரியை நம்பித் திட்டம் போடுகிறவர், மீடியம் சைஸ் மட்டும் தைத்து உலகம் முழுக்க அனுப்புகிறவருக்குச் சமம்.

நகரத்துப் பள்ளிகளுக்கு இன்னொரு சங்கதியும் சேர்ந்திருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த குடும்பங்களின் குழந்தைகள். அந்தக் குழந்தை மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். தமிழில் 'தண்ணி', 'அக்கா', 'வா', 'போ' தெரியும். அதற்கு 'அ' சொல்லிக்கொடுக்க யாராவது பக்கத்தில் உட்கார வேண்டும். ஸ்மார்ட் போர்டு உட்காராது.

*

இதெல்லாம் புலம்பல்தானே, எது வேலை செய்யும் சொல்லு என்பீர்கள். வேலை செய்தவை நம் மாநிலத்திலேயே இருக்கின்றன.

தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கலில் விழுந்த மையங்களுக்குக் கூடுதலாக ஒரு அரைநேரப் பணியாளரைக் கொடுத்தார்கள். முன்பருவப் பாடத்தைப் பார்த்துக்கொள்வது மட்டுமே அவர் வேலை. கம்ப்யூட்டர் தரவில்லை, தரவரிசை போடவில்லை, ஒரு ஆள் கொடுத்தார்கள். பாடம் நடந்த நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை வருடத்தில் குழந்தைகளின் கணக்கும் மொழியும் கணிசமாக ஏறின. ஏற்கெனவே இருந்த பணியாளருக்குக் கை ஒழிந்ததால் சத்துணவு, உடல்நல வேலையும் நன்றாக நடந்து, வளர்ச்சிக் குறைபாடும் குறைந்தது. இது செலவா, நிர்வாகமா? இரண்டுக்கும் பொதுவான பெயர்தான் 'கூட ஒரு ஆள்'.

இன்னொன்று உங்கள் தெருவிலேயே நடந்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி. பள்ளி விட்டதும் தெருவில் ஒரு அக்கா, மாதம் 1,000 ரூபாய்க்குக் குழந்தைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமெரோ, முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். கொரோனாவில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்திலேயே திரும்பியிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால்வாசிக்கு இந்த அக்காக்கள் காரணம். ஆயிரம் ரூபாய்! திருப்பூரில் இரண்டு நாள் தையல் கூலி.

அந்த ஆயிரத்தைப் பாராட்டித் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 2022இல் காலிப் பணியிடங்களுக்குத் தற்காலிக இடைநிலை ஆசிரியர்களை மாதம் 7,500 ரூபாய்க்கு எடுக்கலாம் என்று அறிவித்தார்கள். கூச்சல் எழுந்தபின் 12,000 ஆக்கினார்கள். திருப்பூரில் ஓவர்லாக் டெய்லர் ஒருவரிடம் இந்தச் சம்பளத்தைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். ஒரு தலைமுறையின் எழுத்தறிவை, டெய்லரைவிடக் குறைந்த கூலிக்கு, பெண்களின் நல்லெண்ணத்தை நம்பி ஓட்டுவதற்குப் பெயர் நல்ல நிர்வாகம் அல்ல. அது பீஸ் ரேட்டை அமுக்குகிற வேலை.

மூன்றாவது உதாரணம் தான்சானியா. அங்கே 350 பள்ளிகளில் நடந்த ஆய்வு இந்தச் சண்டைக்கே முற்றுப்புள்ளி வைத்திருக்க வேண்டும். சில பள்ளிகளுக்கு வெறும் பணம். சிலவற்றுக்கு, குழந்தைகள் படித்தால் ஆசிரியருக்கு ஊக்கத்தொகை. சிலவற்றுக்கு இரண்டும். பணம் மட்டும் போன இடத்தில் படிப்பில் மாற்றமில்லை. ஊக்கம் மட்டும் போன இடத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் உறுதியாகத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து போன இடத்தில் தெளிவாக ஏறியது. தனித்தனிப் பலனைக் கூட்டினால் வருவதைவிட அதிகமாகவே ஏறியது.

திருப்பூருக்கு இதைத் தான்சானியா வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. நொய்யல் சொல்லும். எத்தனை வருடம் சாயப்பட்டறைகளை 'கண்காணித்தார்கள்'? எத்தனை நோட்டீஸ், எத்தனை ஆய்வு, எத்தனை கெடு? 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளையே மூடச் சொன்னபிறகுதான் ஊர் விழித்தது. விழித்த ஊர் கண்காணிப்புப் படிவத்தை அழகாக நிரப்பவில்லை. கடன் வாங்கி, அரசின் வட்டியில்லாக் கடனையும் வாங்கி, ஒரு சொட்டும் வெளியேறாத சுத்திகரிப்பு முறைக்குப் பணத்தைப் போட்டது. கழுத்தில் கயிறும் வேண்டும், கையில் காசும் வேண்டும். சொந்தத் தொழிலில் இந்தப் பாடத்தைப் படித்த முதலாளி, பள்ளிக்கூடத்துக்கு மட்டும் "மேனேஜ்மென்ட் போதும்" என்றால் எப்படி நம்புவது?

*

முதலாளிகள் பள்ளிக்கு எதுவும் செய்வதில்லை என்று சொல்லவில்லை. செய்கிறார்கள். 2022 டிசம்பரில் அரசு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டத்தைத் தொடங்கி நன்கொடைக்குக் கதவைத் திறந்தது. அதற்கு முன்பும் திருப்பூர்க்காரர்கள் அள்ளிக் கொடுத்தவர்கள்தான். வகுப்பறை கட்டுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், தண்ணீர்த்தொட்டி வைப்பார்கள், பெஞ்ச் வாங்கித் தருவார்கள். நல்ல காரியங்கள். கழிவறை இல்லாத பள்ளியில் வயசுக்கு வந்த பெண் என்ன பாடுபடுவாள் என்று தெரிந்தவர் யாரும் கட்டடச் செலவைக் கேலி செய்யமாட்டார்.

ஆனால் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். எல்லாவற்றிலும் பெயர் எழுதலாம். தொட்டியில் எழுதலாம், பெஞ்சின் முதுகில் எழுதலாம், வளைவில் கல்வெட்டு வைக்கலாம். ஒரு எழுத்தர் சம்பளத்தின்மேல் யார் பெயரை எழுதுவது? மூன்றாம் வகுப்பு பி பிரிவுக்கு ஒரு ஆசிரியர் கூடுதலாக வந்ததை எந்த அமைச்சர் ரிப்பன் வெட்டித் திறப்பார்? பணக்கட்சிக்குக் கல்வெட்டு வேண்டும், நிர்வாகக்கட்சிக்கு டாஷ்போர்டு வேண்டும். இரண்டும் கண்ணுக்குத் தெரியும். சொல்லிக்கொடுக்கும் நேரம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அது எப்போதும் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

விதிவிலக்காகக் காலை உணவுத் திட்டத்தைச் சொல்வேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ராத்திரி ஷிப்ட் முடித்து அம்மா படுத்திருக்கும் வீடுகள் நிறைந்த ஊரில், காலை எட்டரை மணிச் சூட்டில் ஒரு தட்டு உப்புமா என்னவென்று எனக்குத் தெரியும். அதில் எனக்குப் பிடித்த பகுதி சமையலுக்குத் தனி ஆள் போட்டது. மகளிர் சுய உதவிக்குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். "டீச்சர், அப்படியே அடுப்பையும் பார்த்துக்கோங்க" என்று சொல்லவில்லை. ஒரு வேலையைச் சேர்த்தால் ஒரு கையையும் சேர்க்க வேண்டும் என்ற சாதாரண அறிவு.

*

பணம் முக்கியமில்லை என்ற பேச்சு யாருக்கு உதவுகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். பிஎம் ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக, சமக்ர சிக்ஷா நிதியில் 2024-25ஆம் ஆண்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. அந்தப் பணம் முக்கியமில்லாத பணம் என்றால் அதை நிறுத்துவது ஏன் அழுத்தமாகும்? நிறுத்துகிறவருக்குத் தெரிகிறது அது எவ்வளவு முக்கியம் என்று. "காசு பிரச்சினையே இல்லைங்க" என்று பந்தியில் சொல்லும் நம்மவருக்குத்தான் தெரியவில்லை.

நிர்வாகக்கட்சியின் இன்னொரு செல்ல யோசனை, பெற்றோர் கண்காணிப்பு. சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கொள்கையாக நான் இதற்கு இரண்டு கையும் தூக்குவேன். ஆனால் திருப்பூரில் ஒரு அம்மா கூட்டத்துக்கு வர வேண்டுமென்றால் அன்றைய அரை ஷிப்டை விட வேண்டும். சனிக்கிழமைச் சம்பளத்தில் அது குறையும். ஆசிரியரைக் கேள்வி கேட்கும் பொறுப்பை, கேள்வி கேட்டால் கூலி போகும் ஆளின் தலையில் வைத்துவிட்டு, "சமூகப் பங்கேற்பு குறைவு" என்று அறிக்கை எழுதுகிறோம். பெற்றோரை உண்மையாகவே கூப்பிடுவதாக இருந்தால் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், அல்லது போன கூலியைக் கொடுங்கள். கொடுக்க மாட்டீர்கள் என்றால் கூப்பிடவில்லை என்று அர்த்தம்.

ஆசிரியர் சங்கத்து அண்ணன்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. எமிஸ் வேலையிலிருந்து விடுவிக்கச் சொல்கிறீர்கள், முழு ஆதரவு. காலியிடம் நிரப்பச் சொல்கிறீர்கள், முழு ஆதரவு. அந்த நேரமும் ஆளும் கிடைத்தபின், வருடத்துக்கு இரண்டுமுறை ஒவ்வொரு குழந்தையும் ஊரார் முன்னால் ஒரு பத்தி வாசித்துக் காட்டட்டும் என்றால் சம்மதமா? படிவம் வேண்டாம், செயலி வேண்டாம். குழந்தை, புத்தகம், கேட்க நாலு பேர். "எங்களை நம்பவில்லையா?" என்று கேட்காதீர்கள். கூட வேலை செய்யும் டெய்லரை நம்பாமலா அடுத்த மேசையில் பீஸை விரித்துப் பார்க்கிறோம்? தைக்க விடாமல் செக்கிங் மட்டும் போட்டால்தான் அது அவமானம். வசதி கொடுத்துவிட்டுக் கேட்டால் அது தொழில். இந்தோனேசியாவின் பாடம் உங்களுக்கானது. அதைப் படிக்காமல் ஒதுக்கீட்டுக் கோஷம் மட்டும் போட்டால், பந்தியில் பேசுகிறவர் ஜெயித்துக்கொண்டே இருப்பார்.

ஆக நான் கேட்பது மிகச் சாதாரணம். முதல் மூன்று வகுப்புகளுக்கு, வகுப்புக்கு ஒரு ஆள். முழு ஆசிரியர் கிடைக்காத இடத்தில் பயிற்சி பெற்ற உள்ளூர்த் துணை ஆசிரியர், டெய்லர் சிரிக்காத சம்பளத்தில். நாலைந்து பள்ளிக்கு ஒரு எழுத்தர். எல்லாப் பதிவேற்றமும் அவர் கையில். பள்ளி நேரத்தில் ஆசிரியரை வெளியே இழுக்கும் ஒவ்வொரு உத்தரவுக்கும் மாற்று ஆள் அனுப்ப வேண்டும் என்ற விதி. பிறகு, வாசித்துக் காட்டும் நாள். முதல் இரண்டும் செலவு. அடுத்த இரண்டும் நிர்வாகம். பிரித்துச் செய்தால் நாலும் வீண்.

இதில் அவசரம் ஒன்று இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்ட வராத பையனை எட்டாம் வகுப்பு வரை யாரும் நிறுத்தமாட்டார்கள். அவன் பெயர் எமிஸில் பச்சையாகவே இருக்கும். பதினாலு வயது முடிந்ததும் பனியன் கம்பெனி வாசலில் அவனைச் சட்டமும் பெரிதாகத் தடுக்காது. அங்கே அவனுக்குக் கைமடி வேலை காத்திருக்கிறது: டெய்லருக்குப் பக்கத்தில் நின்று பீஸ் எடுத்துக் கொடுத்து, பிசிறு வெட்டி, அடுக்கி வைப்பது. அது கேவலமான வேலை அல்ல. எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் அங்கேதான் தொடங்கினார்கள். ஆனால் அவன் அதைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அவன் கையில் தினமும் லேபிள் கட்டு வந்து போகும். சைஸ், நாடு, விலை எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். பத்து வருடம் பள்ளிக்குப் போனவன் அதை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருப்பான்.